விவாதம்: எட்டு நிமிஷத்துக்குக் கம்மின்னா ப்ராக் இல்லையா?

அரசலாறு (கும்பகோணம்) | திங்கள், இரவு 9:40

கும்பகோணத்துல மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு மாடியில கூடி ப்ராக் (ப்ராக்ரெசிவ் ராக், நீளமா, சிக்கலான தாளத்துல போற ராக் இசை) ஆல்பம் கேக்கிற நம்ம கூட்டம் இங்க பல பேருக்குத் தெரியும். புதுசா வந்தவங்களுக்கு: ரெண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப், உக்கார பாய், நடுவுல காபி. வேற ஒண்ணும் பெருசா இல்ல.

இப்ப கூட்டத்துக்கு விதி வேணும்னு ஒரு பேச்சு கிளம்பியிருக்கு. 1969லேர்ந்து 1978 வரைக்கும் வந்த ஆல்பம்னா கேள்வி இல்லாம போடலாம். அதுக்கப்புறம் வந்ததுன்னா ஒரு பாட்டாவது எட்டு நிமிஷம் தாண்டியிருக்கணும், டிரம் மெஷின் இருக்கக் கூடாது, மூத்த உறுப்பினர் மூணு பேர் முன்னாடியே கேட்டுட்டு சரின்னு சொல்லணும்.

இது ஏன் வந்துச்சுன்னா, போன மாசம் ஒருத்தர், பழைய ப்ராக் குழு ஜெனிஸிஸ் பாப் பக்கம் திரும்பினப்ப போட்ட 'அபகாப்' (1981) ஆல்பத்தைப் போட்டார். ரெண்டாவது பாட்டுல எர்த் விண்ட் அண்ட் ஃபயர்ங்கிற அமெரிக்க ஃபங்க் குழுவோட ஊதுகொம்பு ஆளுங்க வந்து வாசிக்கிறாங்க இல்லையா, அங்கயே பாதிப் பேர் எந்திரிச்சு டீக்கடைக்குப் போயிட்டாங்க. திரும்பி வரல. வந்திருந்தா மூணாவதா 'மீ அண்ட் சாரா ஜேன்' கேட்டிருப்பாங்க. அஞ்சாவது 'டோடோ / லர்க்கர்'. ஏழரை நிமிஷம் ஓடும். புது விதிப்படி அரை நிமிஷத்துல ஃபெயில்.

எழுந்து போனதுல எனக்கு வருத்தம் இல்ல. சினிமாப் பாட்டைத் தவிர வேற எதையும் கேக்க மாட்டேங்கிறாங்கன்னு ஊரையே குறை சொல்றவங்க நாம. நம்ம காதுக்கு மட்டும் கதவே கிடையாதுன்னு நினைப்பு வேற. அப்புறம் எதுக்கு இந்த விதி?

ஒரு வேண்டுகோள். அகராதியைத் தூக்கிட்டு வந்து 'ப்ராக்ரெசிவ்'ங்கிற பேருக்கு என்ன அர்த்தம்னு யாரும் தொடங்காதீங்க. அந்தச் சண்டை போன வருஷமே நடந்து முடிஞ்சுது, யாரும் ஜெயிக்கல.

---

மெல்லோட்ரான் மாமா (தஞ்சாவூர்) | திங்கள், இரவு 10:25

விதியை முன்மொழிந்தவன் நான்தான். ஒளிந்துகொண்டு பேச வேண்டிய அவசியம் இல்லை.

மாசத்துக்கு ஒரு ஞாயிறு. அதில் மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் ஜெனிஸிஸ் எப்படிப் பணம் சம்பாதித்தது என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா? திறந்த மனசு என்றால் எது வந்தாலும் உட்கார்ந்து கேட்பதா? தெற்கு வீதியில் கச்சேரி என்று போட்டிருந்தால் கச்சேரியைத்தான் எதிர்பார்த்துப் போவோம். அங்கே பட்டிமன்றம் நடந்தால் எழுந்துதான் வருவோம். அதற்குப் பெயர் குறுகிய மனசு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1978 என்று நான் கோடு போட்டது கண்ணை மூடிக்கொண்டு இல்லை. அந்தக் காலத்தில்தான் பெரிய குழுக்கள் எல்லாம் பயந்துபோய்த் தங்களைத் தாங்களே சுருக்கிக்கொண்டன. ஜென்டில் ஜயன்ட் மாதிரி ஒரு குழு, இடைக்கால ஐரோப்பியப் பாட்டையும் ஜாஸையும் ஒரே மூச்சில் பாடியவர்கள், 1978இல் 'ஜயன்ட் ஃபார் எ டே' என்று ஒன்று போட்டார்கள். ரேடியோக்காரன் சீந்தவில்லை, பழைய ரசிகனும் தொடவில்லை. 1980இல் கடையைக் கட்டினார்கள். மாற்றத்துக்கு ஆசைப்பட்டு மாறியிருந்தால் நான் முதல் ஆளாகக் கேட்டிருப்பேன்.

---

ஏழுக்கு_எட்டு (வல்லம்) | திங்கள், இரவு 10:51

மாமா, வணக்கம். மரியாதையோட மூணு விஷயம்.

ஜயன்ட் ஃபார் எ டே 1978. எமர்சன் லேக் அண்ட் பாமரோட 'லவ் பீச்' 1978. அட்டையில மூணு பேரும் சட்டைப் பட்டன் போடாம கடற்கரையில நிப்பாங்களே, அதேதான். உங்க விதிப்படி ரெண்டும் கேள்வி இல்லாம உள்ள வந்துடும். லவ் பீச்ல இருபது நிமிஷப் பாட்டு ஒண்ணு வேற இருக்கு, அதனால ரெண்டு வழியிலயும் பாஸ்.

கிங் கிரிம்ஸனோட 'டிசிப்ளின்' 1981. அதுக்கு மட்டும் உங்க மூணு பேர் கமிட்டி வேணும். 'ஷெல்டரிங் ஸ்கை' எட்டு நிமிஷத்தைச் சொச்சத்துல தாண்டுது, அதனால தப்பிச்சுது.

நீங்க கொண்டாடுற ஜென்டில் ஜயன்ட் 'ஆக்டோபஸ்' (1972), அதுல ஒரு பாட்டு கூட ஆறு நிமிஷம் தொடாது. ஜெனிஸிஸ் 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' (1980) நாலு நிமிஷம் கூட இல்ல, பிரிட்டன் பட்டியல்ல முதல் பத்துக்குள்ள போன பாட்டு. தாளம் போட்டுப் பாருங்க. ஆறும் ஏழுமா மாறி மாறி, பதிமூணு. ஒரு தேசமே பதிமூணு எண்ணிக்கைக்கு ஆடிட்டு இருந்திருக்கு. அதை நாம பாப்புன்னு தள்ளிட்டோம்.

---

மெல்லோட்ரான் மாமா | திங்கள், இரவு 11:02

லவ் பீச் விஷயத்தில் கோடு 1977 என்று திருத்தப்படுகிறது.

---

ஏழுக்கு_எட்டு | திங்கள், இரவு 11:03

😂

---

கூத்தாநல்லூர்க்காரன் (சிங்கப்பூர்) | செவ்வாய், காலை 7:15

எம்ஆர்டி ரயில்ல நின்னுட்டே எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க ஊர்ல பாதி வீட்டுல ஒரு ஆள் வெளிநாட்டுல இருப்பார். எங்க சச்சா (சித்தப்பா) சிங்கப்பூர்லேர்ந்து வர்றப்ப கோடாலித் தைலம், டைகர் பாம் இதுகளோட ஒரு பை நிறைய கேசட் வரும். முக்கால்வாசி யாரோ பதிஞ்சு குடுத்தது. அட்டையில பேர் இருக்காது, இருந்தா தப்பா இருக்கும். ஒரு டிடிகே கேசட்டுல ஒரு பக்கம் போனி எம் குழுவோட டிஸ்கோ, மறு பக்கம் ரஷ்ங்கிற ப்ராக் குழு. அது ரஷ்னு எனக்குப் பல வருஷம் கழிச்சுதான் தெரியும். இது எந்த வகை, அந்த வகைக்கு விதி என்னன்னு சொல்ல ஆளே கிடையாது. பிடிச்சா திருப்பிப் போடுவோம், பிடிக்கலன்னா அது மேலயே நாகூர் ஹனிபா பாட்டைப் பதிஞ்சுடுவோம்.

டாக் டாக் எனக்கு அப்படித்தான் வந்துச்சு. 1984ல 'இட்ஸ் மை லைஃப்' போட்ட சின்தசைசர் பாப் குழு. சச்சா கொண்டுவந்த இன்னொரு கேசட்டுல அதே குரல், ஆனா பாட்டு தொடங்கவே ரெண்டு மூணு நிமிஷம் ஆகுது. எங்கயோ ஒரு ஊதுகருவி, அப்புறம் மௌனம், திடீர்னு கிட்டார் கிழிக்குது. கேசட் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அது 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்', 1988. பாப் குழு ஒண்ணு தன் சந்தையை ஒட்டுமொத்தமா தூக்கிப் போட்டுட்டு இந்தப் பக்கம் வந்துச்சு. ஜெனிஸிஸ் போனதுக்கு நேர் எதிர்த் திசை. இதை நம்ம ஆளுங்க எத்தனை பேர் ப்ராக்னு கணக்குல வைக்கிறாங்க? மெல்லோட்ரான் (பழைய ப்ராக் குழுக்கள் வாசிச்ச கீபோர்டு) இல்ல, கிளம்பின இடம் பாப். பேர் பார்த்தே கதவு சாத்தியாச்சு.

இப்ப ஒரு பாட்டு காதுக்கு வர்றதுக்கு முன்னாடி நாலு லேபிள் வந்துடுது. நியோ, சிம்ஃபானிக், கேன்டர்பரி, ஸூல்னு ப்ராக்குக்குள்ளயே வகை வகையா... முதல்ல எந்த டப்பாவுல இருக்குன்னு பாத்துட்டுத்தான் கேக்கவே ஆரம்பிக்கிறோம். மாமாவை மட்டும் சொல்லி என்ன செய்ய?

---

மெல்லோட்ரான் மாமா | செவ்வாய், காலை 8:30

அந்தத் திருத்தத்தை நான் விளையாட்டாகச் சொன்னேன். விஷயம் விளையாட்டு இல்லை.

தம்பி, உன் எண்ணிக்கை எல்லாம் சரி. பதிமூன்று என்பதால் அது நல்ல பாட்டாகிவிடாது. ஜெத்ரோ டல் குழுவின் 'திக் அஸ் எ பிரிக்' ஆல்பத்தின் கதையும் அடுத்து வரும் என்று தெரியும். ஆமாம், விமர்சகர்கள் அவர்களுடைய முந்தைய ஆல்பத்தைக் கருப்பொருள் ஆல்பம் என்று சொன்னதற்குக் கேலியாக, 1972இல் இரண்டு பக்கமும் ஒரே பாட்டாகப் போட்டார்கள். கேலியைத்தான் நாம் வேதமாக வைத்திருக்கிறோம் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். வாசிப்பில் கேலி இல்லையே. ஒரு வரி கூட ஏனோதானோ என்று வாசிக்கப்படவில்லை. நான் தேடுவது அந்த உழைப்பை.

பிடிவாதக்காரர்களைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். 1980களில் இந்த இசையைப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. அப்போது தூக்கிப் பிடித்தது யார்? திறந்த மனசுக்காரர்களா? அவர்கள் அடுத்த புது அலைக்குப் போய்விட்டார்கள். மரில்லியன் என்ற ப்ராக் குழுவைப் பாருங்கள். 1997இல் அமெரிக்காவுக்கு வரப் பணம் இல்லை என்றதும் ரசிகர்களே இணையத்தில் பேசி 60,000 டாலர் அளவில் திரட்டினார்கள். 2001 ஆல்பத்துக்கு, பதிவு தொடங்கும் முன்பே 12,000க்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். வெறியும் பிடிவாதமும் இல்லாமல் அது நடக்குமா?

---

கூத்தாநல்லூர்க்காரன் | செவ்வாய், மதியம் 1:20

மாமா, அந்த உதாரணம் உங்களுக்கே திரும்புது. அந்த 12,000 பேரும் ஒரு நொடி கூடக் கேக்காம பணம் கட்டினவங்க. அதுவும் பாடகர் ஃபிஷ் 1988ல விலகி, வேற பாடகர் வந்து, பழைய பாணியை விட்டு ரொம்ப தூரம் போயிட்ட குழுவுக்கு. என்ன வேணும்னாலும் செய்யுங்க, முன்பணம் இந்தாங்கன்னு குடுத்திருக்காங்க. மூணு பேர் முன்னாடியே கேட்டு ஒப்புதல் குடுக்கிறது இதுக்கு நேர் மாறு இல்லையா?

---

மெல்லோட்ரான் மாமா | செவ்வாய், மதியம் 1:41

யோசிக்க வேண்டிய கேள்வி. சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

---

மூன்றாம்காலம் (மயிலாடுதுறை) | செவ்வாய், மாலை 6:05

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வீணை சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இசைக்கு என்னைக் கொண்டுவந்தது என் மாணவி.

கும்பகோணம் கூட்டத்துக்கு ஒரு தடவை வந்தேன். நிறைய பேர் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் "யெஸ் குழு பிடிக்கும்" என்று சொன்னதும், 'ஃப்ராஜைல்' ஆல்பத்தில் டிரம்மர் யார், கீபோர்டு வாசித்த வேக்மேன் எந்த வருஷம் விலகினார் என்று கேள்வி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அதையேதான் சொன்னான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. (பதில் தெரியும்: பில் புரூஃபோர்ட், 1974. சொல்லவில்லை.) விதி போடுவதற்கு முன் இந்த விதியையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதப்படாத விதிதான் ஆளை வெளியே நிறுத்தும். எங்கள் இசையிலும் அது உண்டு. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கட்டடம் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அதே இடத்தில் ஆராதனையில் பெண்கள் பாட முடியாது என்று இருந்தது. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தித்தான் அந்த அம்மாள் உள்ளே வந்தார்.

விவாதத்துக்கு வருகிறேன். இந்த டெல்டா ஏதோ மாற்றமே தெரியாத சங்கீத பூமி என்று இரண்டு தரப்பும் நினைத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயர் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் போட்டிருக்கிறார். நோட்டுஸ்வரம் என்று சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறோமே, அவைதான், 40 அளவில் இருக்கும். அதில் ஒன்று பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு பாட்டுக் கச்சேரி நடக்குமா? இன்று எதைச் சுத்தம் என்று காப்பாற்றுகிறோமோ அது அன்றைக்குக் கலப்படம்.

ஆனால் ஏழுக்கு_எட்டு தம்பிக்கும் ஒன்று. எண்ணிக்கையை வைத்து மார்க் போடாதீர்கள். தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஐந்தும் ஆதி தாளம்தான். ஐந்துக்கும் எட்டு எண்ணிக்கை. ஆராதனையில் அத்தனை பேரும் அடுத்த ஸ்வரம் என்ன என்று தெரிந்தே பாடுகிறார்கள், ஒரு திருப்பமும் கிடையாது. அதில் இல்லாதது என்ன?

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 8:00

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. ஜெனிஸிஸ் டிரம்மரும் பாடகருமான ஃபில் காலின்ஸின் தலைமுடி விவாதப் பொருள் அல்ல.

---

அரசலாறு | செவ்வாய், இரவு 8:44

மேடம், அந்த வினாடி வினா எங்க கண்ணு முன்னாடிதான் நடந்திருக்கும். அடுத்த கூட்டத்துலேர்ந்து அப்படிக் கேக்கிறவங்க அன்னைக்குக் காபிச் செலவு ஏத்துக்கணும். இந்த ஒரு விதிக்கு நான் ஓட்டுப் போடறேன்.

---

தவில்வீட்டுப் பிள்ளை (நீடாமங்கலம் பக்கம்) | செவ்வாய், இரவு 11:30

கல்யாண சீசன், இப்பதான் வீடு வந்தேன். கை வீங்கியிருக்கு, அதனால போன்ல பேசிப் பேசி எழுத்தாக்குறேன்.

எங்க தாத்தா, பெரியப்பா எல்லாரும் தவில். நான் ராக் பக்கம் வந்தது டிரம் பாக்க. எல்லாரும் எதிர்பார்ப்பு தப்புங்கிற மாதிரிப் பேசுறீங்க. எங்க தொழில்ல எதிர்பார்ப்பு இல்லன்னா சோறு இல்ல.

சாமி புறப்பாடு. வாகனத்துல எழுந்தருளி, தீபாராதனை ஆனதும் மல்லாரி, புறப்பாட்டுக்குன்னே நாயனத்துல வாசிக்கிறது. கம்பீர நாட்டை ராகம். அதுல நான் இன்னைக்குப் புதுசா பைரவி வாசிக்கிறேன்னு நாயனக்காரர் சொன்னா குருக்களே அடிக்க வருவார். நாலு வீதியிலயும் ஜனம் அந்த மல்லாரிக்குத்தான் காத்துட்டு நிக்கும். அந்த சத்தம் கேட்டாத்தான் வீட்டுல கோலம் போட்டு வெளிய வருவாங்க. அது மாறக் கூடாது. ஆனா அதே மல்லாரியை முதல் காலம், ரெண்டாம் காலம், மூணாம் காலம்னு வேகத்தைக் கூட்டித் தூக்கிட்டுப் போறப்ப, மிஸ்ரத்துல (ஏழு எண்ணிக்கை) கொண்டுபோய் நிறுத்துறப்ப, தெரிஞ்சவன் ஒருத்தன் கூட்டத்துல விரலை மடக்கிட்டு நிப்பான். அவனுக்காகத்தான் வாசிக்கிறது.

எடுப்பு, அதாவது தாளத்துல பாட்டு தொடங்குற இடம், எங்கன்னு தெரிஞ்சவனுக்குத்தான் அதைக் கொஞ்சம் தள்ளி எடுத்தா சிலிர்க்கும். தாளமே போடத் தெரியாதவனுக்கு சமத்துல (தாளம் தொடங்குற அடியில) வந்தாலும் ஒண்ணுதான், அரை இடம் தள்ளி வந்தாலும் ஒண்ணுதான். அதனால மாமா எதிர்பார்த்து உக்காருறதுல எனக்குக் குறை இல்ல. அவர் மாதிரி எதிர்பார்க்கத் தெரிஞ்ச ஆள் முன்னாடி வாசிக்கிறது கொடுப்பினை. ஆனா மாமா வாசிக்கிறவன் எங்க வந்து சேரணுங்கிறதை மட்டும் எதிர்பார்க்கல. எந்த வழியா வரணும், எந்த வாத்தியத்துல வரணும், எத்தனை நிமிஷத்துல வரணும்னு எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டு உக்காருறார். அப்புறம் வாசிக்கிறவனுக்கு அங்க என்ன வேலை?

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கதை இங்க எல்லாருக்கும் தெரியும். அவருக்கு முந்தி திமிரி நாயனம். சின்னது, சுருதி உச்சத்துல இருக்கும், வீதிக்குன்னே செஞ்சது. அவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியை வச்சு நீளமான பாரி நாயனம் செஞ்சு வாங்கினார். சுருதி இறங்குச்சு, மேடைக்கு ஏத்த நாதம் வந்துச்சு. நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அந்த ஊர்தான், ஆச்சா மரம் கடைஞ்சது. வாத்தியத்தையே மாத்தின மனுஷன். ஆனா அவர் மணிக்கணக்கா வாசிச்ச தோடியில ஒரு ஸ்வரம் தோடியை விட்டு வெளிய போச்சுன்னு எவனும் சொன்னது இல்ல.

இதை மனசுல வச்சுட்டுத்தான் நான் கிரிம்ஸன் டிசிப்ளின் கேட்டேன். 1974ல குழுவையே கலைச்சுட்டுப் போன கிட்டார்க்காரர் ஃப்ரிப், ஏழு வருஷம் கழிச்சு வர்றார். மெல்லோட்ரான் இல்ல, வயலின் இல்ல, அந்த சோகமான நீளப் பாட்டு இல்ல. ரெண்டு கிட்டார் மட்டும் பின்னிட்டுப் போகுது. 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' போட்டுட்டுக் கையில தாளம் போடுங்க. ரெண்டு கிட்டாரும் ஒரே வரியில ஏழுல கிளம்பும். ஒண்ணு ஒவ்வொரு சுத்துலயும் ஒரு ஸ்வரத்தை விட்டுடும். அதனால பதினாலுக்குப் பதிமூணாகி மெல்ல விலகி விலகிப் போகும். பாட்டு எங்கயோ போயிட்டு இருக்கும், அதுக்குள்ள இது தன் கணக்கை முடிச்சுட்டு வந்து சேந்துக்கும். இது எங்க வீட்டுத் திண்ணையில தினம் நடக்கிற வேலை. மாமா, நீங்க கொண்டாடுற 1969 கிரிம்ஸன்லயும் எனக்கு இவ்வளவு கணக்கு கிடைக்கல. ஆனா உங்க ஆளுங்க நிறைய பேர் இதை நியூ வேவ்னு (அப்ப வந்த புது பாணி பாப்-ராக்) சொல்லித் தள்ளினதா படிச்சிருக்கேன்.

செண்டை மேளம் வந்து எங்க கல்யாண வாய்ப்பை எடுக்குதுங்கிறதுக்கு மட்டும் நான் திறந்த மனசோட இல்ல. அதையும் சொல்லிடறேன்.

---

மூன்றாம்காலம் | புதன், காலை 6:10

கடைசி வரி 😄 மற்றதெல்லாம் அப்படியே சரி.

---

ஏழுக்கு_எட்டு | புதன், காலை 9:22

தவில் அண்ணே, கும்பிட்டுக்கிறேன். இதை பிரிண்ட் எடுத்து மாமா வீட்டு வாசல்ல ஒட்டணும். பழசைக் கட்டிப் பிடிச்சுட்டு இருக்கிற தலைமுறைக்கு இதெல்லாம் புரியணும்.

---

அரசலாறு | புதன், காலை 9:48

தம்பி, ஒரு நிமிஷம். போன வருஷம் இதே தளத்துல ஓப்பெத்ங்கிற மெட்டல் குழு பத்தின இழையில நீ எழுதினது:

> 'ஹெரிடேஜ்'லேர்ந்து பதிமூணு வருஷம் அது ஓப்பெத்தே இல்ல. க்ரௌல் இல்லன்னா எனக்கு எதுக்கு? 2024ல க்ரௌல் திரும்ப வந்துச்சு, இப்பதான் திரும்ப மனுஷங்க ஆனாங்க.

ஹெரிடேஜ் 2011. எழுபதுகளோட ப்ராக் வாசனை, மெல்லோட்ரான், ஜாஸ் டிரம். கனமான உறுமலை, அதான் அந்த க்ரௌலை, விட்டுட்டு ஒரு மெட்டல் குழு துணிஞ்சு எடுத்த திருப்பம். அதுக்கு நீ குடுத்த வரவேற்பு இது.

---

ஏழுக்கு_எட்டு | புதன், காலை 9:55

அது வேற.

---

மெல்லோட்ரான் மாமா | புதன், காலை 10:10

ஹெரிடேஜ் மிக அருமையான ஆல்பம். அடுத்த மாசம் அதைப் போடலாம். தம்பி டீக்கடைக்குப் போக நினைத்தால் எனக்கும் ஒன்று வாங்கிவரட்டும், சர்க்கரை இல்லாமல்.

---

ஏழுக்கு_எட்டு | புதன், காலை 10:14

மாமா, அது நிஜமாவே வேற. மிகேல் ஓகர்ஃபெல்ட் மாதிரி க்ரௌல் பண்றவர் இன்னொருத்தர் கிடையாது. அந்த வாத்தியத்தையே எடுத்து வச்சுட்டா? ராஜரத்தினம் பிள்ளை நாயனத்தைக் கீழ வச்சுட்டு ஆர்மோனியம் வாசிச்ச மாதிரி.

---

தவில்வீட்டுப் பிள்ளை | புதன், மதியம் 12:30

நாயனத்தைக் கீழ வச்சுட்டு அவர் வாய்ப்பாட்டே பாடியிருக்கார் தம்பி. நல்லாவே பாடுவார்னு பெரியவங்க சொல்லுவாங்க.

---

கூத்தாநல்லூர்க்காரன் | புதன், மதியம் 2:02

இன்னைக்கு ப்ராக்ல பெரிய ஆளான ஸ்டீவன் வில்சன் விஷயத்துலயும் இதேதான். 2017ல 'பர்மனேட்டிங்'னு குதூகலமா ஒரு பாப் பாட்டு போட்டார், 2021ல 'தி ஃபியூச்சர் பைட்ஸ்'னு முழுக்க எலக்ட்ரானிக் பக்கம் போனார். நம்ம ஆளுங்க துக்கம் விசாரிக்கிற மாதிரிப் பேசினாங்க. 2025ல 'தி ஓவர்வியூ', ரெண்டே ரெண்டு நீளப் பாட்டு. உடனே "வீட்டுக்குத் திரும்பிட்டார்"னு கொண்டாட்டம். அந்த நாலு வருஷமும் அவர் எங்கயும் தொலையல. நாமதான் கேக்கல.

ஒரு யோசனை. பேர் சொல்லாம பாட்டு போடுங்க. அட்டை காட்டாதீங்க, வருஷம் சொல்லாதீங்க. எங்க சச்சா கேசட் மாதிரி. கேட்டு முடிச்சதும் பிடிச்சுதா இல்லையான்னு மட்டும் எழுதிக் குடுக்கட்டும்.

---

அரசலாறு | புதன், மதியம் 2:30

நல்லாயிருக்கு. இந்த ஞாயிறு கூட்டம் இல்லாட்டியும், வர முடிஞ்சவங்களை வச்சு ஒண்ணு நடத்திப் பாக்கிறேன்.

---

அரசலாறு | ஞாயிறு, இரவு 10:15

நடந்துச்சு. ஆனா நினைச்ச மாதிரி இல்ல.

பேரை மறைக்கவே முடியலங்க. இத்தனை வருஷம் கேட்ட ஆளுங்க. குரல் வந்தா முதல் வரியில மாட்டிக்குது, அதனால முடிஞ்ச வரைக்கும் குரல் இல்லாத துண்டாத் தேடினேன். ஜெனிஸிஸ் 'தி பிரேசிலியன்' போட்டேன். 1986ல 'இன்விசிபிள் டச்' ஆல்பத்துல கடைசிப் பாட்டு. அந்த ஆல்பத்தை நம்ம கூட்டத்துல எல்லாரும் திட்டுவாங்க, அதுல பத்து நிமிஷம் தாண்டுற 'டாமினோ' இருக்குன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. அது இருக்கட்டும், டிரம் சத்தம் வந்து மூணாவது நொடி மாமா கையைத் தூக்கிட்டார். "காலின்ஸ். கேட்டட் ரிவெர்ப். நிறுத்து." (எதிரொலியைப் பட்டுன்னு வெட்டின அந்த டிரம் சத்தத்தைச் சொல்றார்.)

டாக் டாக், ஸ்பிரிட் ஆஃப் ஈடன், முதல் பக்கம் முழுசா போட்டேன். ரெண்டு பேர் தூங்கிட்டாங்க. ஒருத்தர் திரும்பப் போடச் சொன்னார். மாமா "பரவாயில்லை" எழுதியிருந்தார், பக்கத்துல "யார்?" அடிக்கோடு போட்டு. மயிலாடுதுறை மேடம் "சுருதி சேர்க்கிற நேரம்தான் கச்சேரியை விட நல்லாயிருந்தது"ன்னு எழுதினாங்க. பாராட்டா இல்லையான்னு இன்னும் கேக்கல.

தவில் அண்ணன் ஃப்ரேம் பை ஃப்ரேமுக்குப் பாய்ல தாளம் போட்டுக் காட்டினார். அந்த அஞ்சு நிமிஷம் யாரும் எதுவும் எழுதல, எல்லார் கண்ணும் அவர் கையில. அந்தப் பாட்டுக்கு ஓட்டே இல்லாம போச்சு.

---

மூன்றாம்காலம் | ஞாயிறு, இரவு 10:40

பாராட்டுதான்.

மாமாவிடம் ஒரு கேள்வி. அந்த டிரம் சத்தத்தைக் கேட்டதும் காலின்ஸ் என்று கையைத் தூக்கினீர்கள். அந்த சத்தம் முதலில் பதிவானது எங்கே என்று தேடிப் பார்த்தேன். ஜெனிஸிஸின் பழைய பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பம், முதல் பாட்டு 'இன்ட்ரூடர்'. வாசித்தது காலின்ஸ், ஒலிப்பதிவு ஹ்யூ பேட்காம். ஆல்பம் முழுக்க சிம்பல் கூடாது என்று சொன்னவர் கேப்ரியல். "கேப்ரியல் போனதோடு ஜெனிஸிஸ் முடிந்தது" என்று எழுதுகிறீர்களே, நீங்கள் வெறுக்கும் சத்தம் அவர் வீட்டில் பிறந்த பிள்ளை.

---

மெல்லோட்ரான் மாமா | ஞாயிறு, இரவு 11:05

தெரியும் அம்மா. அந்த ஆல்பமும் எனக்குப் பிடிக்காது.

கேப்ரியல் 1977இல் போட்ட முதல் ஆல்பம் பிடிக்கும். அதில் 'சால்ஸ்பரி ஹில்' ஏழு எண்ணிக்கை, நாலரை நிமிஷம்கூட இல்லை, ரேடியோவில் ஓடிய பாட்டு. என் விதிக்குள் வருகிறது என்பதால் பிடிக்கவில்லை, பிடிப்பதால்தான் கோட்டை 1977இல் நிறுத்தினேன் என்று இப்போது யாராவது சொல்வீர்கள். சொல்லுங்கள்.

மூன்று பேர் ஒப்புதல் என்ற பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். கூத்தாநல்லூர்த் தம்பியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எட்டு நிமிஷம் நிற்கட்டும், ஓட்டுக்கு விடுங்கள். டிரம் மெஷின் விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன்.

அந்த டாக் டாக் ஆல்பம் யாரிடமாவது நல்ல பதிவாக இருக்கிறதா? போனில் கேட்கிற ரகம் இல்லை அது.

---

கூத்தாநல்லூர்க்காரன் | திங்கள், காலை 7:12

எல்பி இருக்கு. ஊருக்கு வர்றப்ப கொண்டுவர்றேன் மாமா. கேசட் ஊர்ல அலமாரியில இன்னும் இருக்கும், ஆனா மறு பக்கம் ஹனிபா.

---

ஏழுக்கு_எட்டு | திங்கள், காலை 9:30

எட்டு நிமிஷ விதிக்கு என் ஓட்டு: வேண்டாம். ஹெரிடேஜ் போடுற அன்னைக்கு வர்றேன். முழுசா கேப்பேன்னு சத்தியம் பண்ணல.